பொன்னிற இலையுதிர்காலம்

ஒரு சித்திரத்தைக் கண்டதும் "அழகாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். இன்று ஒரே சித்திரத்தின் முன் சற்று நின்று பார்ப்போம். ருஷிய ஓவியர் ஐசக் லெவித்தான் 1895-ம் ஆண்டில் தீட்டிய அதன் பெயர் "பொன்னிற இலையுதிர்காலம்". இப்போது மாஸ்கோவிலுள்ள திரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. அகலம் 126 சென்டிமீட்டர், உயரம் 82.

முதலாவது, இருப்பதைப் பாருங்கள். சிறிய ஆறொன்று நீல நிறமாய் ஓடுகிறது. இடக்கரையில் பிர்ச் மரங்கள் மஞ்சள் இலைகளோடு வெயிலில் நிற்கின்றன. தொலைவில் வயல்கள், மேலே வெண்மேகங்கள். மஞ்சளுக்கு எதிரே நீலம் இருப்பதால்தான் இரண்டும் இவ்வளவு பளிச்சிடுகின்றன. அந்த மஞ்சளோ இலைக்குப் புதிதாக வந்ததன்று. கோடையிலும் உள்ளே இருந்ததே. குளிர்காலம் நெருங்கப் பச்சையம் சிதைந்து மறைகிறது, மறைந்திருந்த நிறம் வெளிப்படுகிறது.

இரண்டாவது, தீட்டியவரைப் பாருங்கள். 1860-ல் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1873-ல் மாஸ்கோ ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1875-ல் தாயும், 1877-ல் தந்தையும் இறந்தனர். இரவில் தங்க இடமின்றி அலைந்த நாட்களும் உண்டு. 1879-ல் யூதர்கள் மாஸ்கோவில் வசிக்கலாகாது என்ற ஆணையால் நகரை விட்டு வெளியேறினார். அவ்வாண்டிலேதான் "இலையுதிர்கால நாள், சக்கோல்னிகி" என்ற படத்தை வரைந்தார். அதே பருவம், ஆனால் சாம்பல் வானம், நீண்ட பாதை, தனியே நடக்கும் ஒரு பெண். 1892-ல் மறுபடியும் வெளியேற்றப்பட்டார்; நண்பர்களின் முயற்சியால் திரும்ப அனுமதி கிடைத்தது.

துன்பம் தீர்ந்தபின் பொன்னிறம் தீட்டினார் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த 1895-ம் ஆண்டில்தான் அவர் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தார். மனம் இருண்டிருந்தாலும் கண் எதிரிலிருந்த வெளிச்சத்தை மறுக்கவில்லை.

மூன்றாவது, அவர் ஆசிரியரும்கூட. மாணாக்கரை வயல்வெளிக்கு அனுப்பி வரையச் சொன்ன சவ்ராசவ் என்பவரே அவருக்கு ஆசான். 1898-ல் லெவித்தான் தாம் படித்த பள்ளியிலேயே இயற்கைக் காட்சி ஓவியம் கற்பிக்க அமர்ந்தார். தம்மை இருமுறை வெளியேற்றிய நகரத்தின் பிள்ளைகளுக்குத் தம் கண்ணைக் கொடுத்தார். இரண்டே ஆண்டுகள், 1900-ல், நாற்பது வயது நிறையுமுன், இருதய நோயால் காலமானார்.

பெற்றோரே, இச்சித்திரத்தின் அச்சுப்படம் கிடைத்தால் பிள்ளைகளுடன் ஐந்து நிமிடம் அமருங்கள். விளக்கம் சொல்ல அவசரப்பட வேண்டாம். பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

1. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது?
2. தண்ணீர் ஏன் இவ்வளவு நீலமாய்த் தெரிகிறது?
3. இன்று பள்ளிக்குப் போகும் வழியில் நீ கண்ட மரத்தின் இலை என்ன நிறம்?

மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை விழித்தால் கடிந்துகொள்ளாதீர்கள். நாளைக்கு நீங்களும் கூட நடந்து சென்று பாருங்கள்.