கஞ்சி மட்டும் குடித்தால் கணையம் ஆறுமா?

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் வண்டிக்குக் காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தூக்குவாளியிலிருந்து கஞ்சியை மூடியில் ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். "கணையத்துல வீக்கம்னு சொல்லிட்டாங்க. மூணு மாசமா இதுதான். வேற எதையும் தொடறதில்ல" என்றார். இடுப்பு பெல்ட்டில் ஆணியைக் காய்ச்சிக் குத்திய இரண்டு புது ஓட்டைகள். கஞ்சி முடிந்ததும் வாளியை மூடி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பீடிக் கட்டை எடுத்தார்.

சாப்பிட வேண்டியதை எல்லாம் விட்டுவிட்டார்; விட வேண்டியது பையில் பத்திரமாக இருந்தது. கணைய அழற்சி வந்த வீடுகளில் நான் கேட்கிற பத்தியப் பேச்சு பெரும்பாலும் இப்படித் தலைகீழாகத்தான் இருக்கிறது.

இரைப்பைக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கிடக்கும் சுரப்பி கணையம். சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீரும் அங்கேதான் சுரக்கிறது, இன்சுலினும் அங்கேதான். குடலுக்குப் போன பிறகு வேலையைத் தொடங்க வேண்டிய அந்தச் செரிமான நீர், கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு கணையத்தையே தின்னத் தொடங்குவதுதான் அழற்சி. பித்தப்பைக் கல்லும் மதுவும் முதல் இரண்டு காரணங்கள். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு 1,000 மில்லிகிராமைத் தாண்டினாலும் வரும். திடீரென்று வந்து போவது ஒன்று, வருடக்கணக்கில் தங்கிக் கணையத்தைச் சுருக்கிவிடுவது இன்னொன்று. இரண்டுக்கும் பத்தியம் ஒன்றல்ல. குழப்பம் பாதி இங்கேதான் பிறக்கிறது.

"கணையத்துக்கு ஓய்வு வேண்டும், பட்டினி போடு"

இதைக் கிளப்பிவிட்டவர்கள் பாட்டிமார் அல்ல, மருத்துவர்களே. சாப்பாடு உள்ளே போனால் கணையம் சுரக்கும், சுரந்தால் வீக்கம் கூடும் என்று கணக்குப் போட்டு, பல பத்தாண்டுகளாக நோயாளியை வாயில் ஒன்றும் வைக்க விடாமல் ட்ரிப்ஸில் நாட்கணக்காகக் கிடத்தினார்கள். கணக்கு அழகாகத்தான் இருந்தது, உடம்புதான் ஒத்துக்கொள்ளவில்லை. வேலையில்லாமல் கிடக்கும் குடலின் உட்சுவர் தளர்ந்துபோகிறது. அங்குள்ள கிருமிகள் கசிந்து வெளியேறி, புண்ணாகிக் கிடக்கும் கணையத்தில் போய்ச் சீழ் வைக்கின்றன. 2018-இல் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, தாங்க முடிகிறவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள்ளேயே வாய்வழியாக உணவு கொடுக்கச் சொல்கிறது. வெறும் தண்ணீர், பிறகு கஞ்சித் தண்ணீர், பிறகு கஞ்சி என்று படியேற வேண்டிய கட்டாயமும் இல்லை. கொழுப்பு குறைந்த மெதுவான சாப்பாட்டை, ஒரு இட்லியையோ பருப்புப் போட்டுக் குழைத்த சாதத்தையோ, முதலிலேயே கொடுத்துப் பார்க்கலாம். சாப்பிடவே முடியாதவருக்கு மூக்கு வழிக் குழாய். நரம்பு வழியாக ஊட்டுவது கடைசி வழி. எப்போது தொடங்குவது என்பதை மட்டும் வார்டு மருத்துவர் சொல்ல வேண்டும், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அல்ல.

நாள்பட்ட அழற்சிக்காரருக்குப் பட்டினி இன்னும் கேடு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் அவருக்கு வேண்டும். ஐம்பது கிலோ மனிதருக்கு அறுபது கிராமாவது ஆயிற்று. மூன்று வேளைக் கஞ்சியில் அது பத்து கிராமைத் தொட்டாலே அதிகம். பருப்பு, தயிர், முட்டை, ஆவியில் வெந்த மீன் எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். ஒரே மூச்சில் வயிறு முட்டச் சாப்பிடாமல், ஐந்தாறு முறையாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

"எண்ணெய் ஒரு சொட்டும் ஆகாது"

வலி அடங்கிய முதல் சில நாட்களுக்கு எண்ணெயைக் குறைப்பது நியாயம். ஆயுளுக்கும் எண்ணெயே இல்லாத சமையல் என்பது தண்டனை. நாள்பட்ட நோய்க்காரருக்குக் கொழுப்பை ஒரேயடியாக வெட்ட வேண்டாம் என்றுதான் 2020-இல் ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டியும் சொன்னது. கொழுப்பை வெட்டினால் எடை இறங்குகிறது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் கொழுப்போடுதான் உடம்பில் சேரும் என்பதால் அவையும் போகின்றன, எலும்பு பலவீனமாகிறது.

பிரச்சினை எண்ணெயில் இல்லை, அதைச் செரிக்க வைக்கும் நொதி சுரக்காததில் இருக்கிறது. இதற்கு வீட்டிலேயே ஒரு அடையாளம் உண்டு, சொல்லக் கூச்சப்படுவார்கள்: மலம் வெளுத்து, பிசுபிசுத்து, நாற்றமெடுத்து, இரண்டு வாளி ஊற்றினாலும் போகாமல் மிதக்கும். அப்படி இருந்தால் நிறுத்த வேண்டியது சாப்பாட்டை அல்ல, கேட்டு வாங்க வேண்டியது நொதி மாத்திரையை. அதையும் பலர் கேஸ் மாத்திரை போல வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிறார்கள். சோறு இல்லாத வயிற்றில் நொதிக்கு என்ன வேலை? முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று என்று மருத்துவர் சொன்ன அளவைப் பிரித்துப் போட வேண்டும். கேப்சூலுக்குள் ரவை போல உருண்டைகள் இருக்கும். இரைப்பை அமிலம் தின்றுவிடாதபடி ஒவ்வொன்றுக்கும் மேல்பூச்சு உண்டு. கடித்து மென்றாலோ கொதிக்கும் கஞ்சியில் கொட்டிக் கலக்கினாலோ அந்தப் பூச்சு போய்விடும். இந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். ஒப்பாதவர்கள் மாத்திரையை ரகசியமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் வாய்விட்டுப் பேசட்டும்.

வீட்டில் சிக்கனமாகச் செய்ய ஒரு வழி: நோயாளியின் ஒரு நாள் எண்ணெயைக் காலையிலேயே நாலைந்து தேக்கரண்டி அளந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி அடுப்பங்கரையில் வைத்துவிடுங்கள். தாளிப்பும் தோசையும் அதற்குள்ளேயே. நான் பார்த்த ஒரு வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இதனால் சண்டையே நின்றுபோயிற்று.

"பழம்தானே, என்ன செய்யும்?"

கீழ்மலைப் பக்கம் தாண்டிக்குடி, பண்ணைக்காடு தோட்டங்களில் காப்பிச் செடிக்கு நடுவே பட்டர் ஃப்ரூட் மரங்கள் நிற்கும். சீசனில் சாலையோரக் கூடை நிறைய அதுதான். பழம் என்ற பெயரை நம்பி, "தெம்பு வரும்" என்று நோயாளிக்குப் பாலும் சீனியும் போட்டு அடித்துக் கொடுக்கிறார்கள். நூறு கிராம் சதையில் சுமார் 15 கிராம் கொழுப்பு. ஒரு பெரிய பழம் என்றால் வீட்டில் அளந்துவைத்த எண்ணெய்க் கிண்ணத்தை மிஞ்சிவிடும். நல்ல கொழுப்புதான், மறுக்கவில்லை. ஆனால் நொதி இல்லாத குடலுக்கு நல்லது கெட்டது தெரியாது. வலி விட்டுப் பல வாரம் ஆனவர், மாத்திரையோடு கால் பழம் சாப்பிட்டுப் பார்க்கலாம். கொடைக்கானல் கடைவீதியில் விற்கும் வீட்டுச் சாக்லேட்டுக்கும் இதே நியாயம், கறுப்பானாலும் வெளுப்பானாலும்.

பழனிப் பஞ்சாமிர்தத்தைப் பற்றிக் கேட்காத ஆளில்லை. மலைவாழை, சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். பிரசாதமாக உள்ளங்கையில் விழும் அளவில் இருக்கிற நெய் கணையத்தை ஒன்றும் செய்துவிடாது. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்வதுதான் வினை, அதுவும் நெய்யால் அல்ல, சர்க்கரையால். கணையம் கெட்டவர்களில் பலருக்குப் பின்னால் சர்க்கரை நோய் வருகிறது. இது வழக்கமான சர்க்கரை நோய் அல்ல. இன்சுலினோடு சேர்ந்து, சர்க்கரை இறங்கும்போது தூக்கி நிறுத்தும் குளுக்ககானும் குறைந்துபோவதால், இவர்களுக்குத் திடீரென்று தாழ்சர்க்கரை ஏற்படும். இன்சுலின் போட்டுக்கொண்டு விரதமிருந்து படியேறுவது ஆபத்து. வேண்டுதலை வேறு விதமாகத் தீர்த்துக்கொள்ள முருகன் ஆட்சேபிக்க மாட்டார்.

"மலைப்பூண்டைத் தேனில் ஊறவைத்துச் சாப்பிட்டால் கணையம் ஆறும்"

பூம்பாறை, மன்னவனூர்ப் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது அந்தப் பூண்டின் ஊருக்கும் தரத்துக்கும் கிடைத்த சான்று, மருத்துவச் சான்று அல்ல. ரசத்தில் தட்டிப் போடுங்கள், மணக்கும்.

"மரவள்ளிக்கிழங்கு தின்றால் கணையத்தில் கல் கட்டும்"

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1959-இல் இந்தோனேசியாவிலிருந்து சூய்டெமா என்ற மருத்துவர், மரவள்ளியை நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் கணையக் கற்களைக் கண்டு எழுதினார். மலைக்கு மேற்கே கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கில் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பதிவு செய்தார். மது குடிக்காத இளைஞர்கள், ஒட்டி உலர்ந்த உடம்பு, படத்தில் வெள்ளை வெள்ளையாகக் கற்கள். கிழங்கிலுள்ள சயனைடுதான் காரணமோ என்று சந்தேகம் எழுந்தது. ஆனால் மரவள்ளியைத் தொடாதவர்களுக்கும் இந்த நோய் இருந்தது. அதையே உண்டு வாழும் ஆப்பிரிக்கப் பகுதிகள் பலவற்றில் இது இல்லை. 2000-க்குப் பிறகு, கணையத்தைக் காக்கும் ஒரு புரதத்துக்கான ஸ்பிங்க்-1 மரபணுவில் கோளாறு இருப்பது இந்திய நோயாளிகள் பலரிடம் தெரியவந்தது. மெலிவும் காரணமல்ல, பெரும்பாலும் நோயின் விளைவே என்று இப்போது கருதுகிறார்கள். கிழங்கைத் தோலுரித்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, குற்ற உணர்ச்சி இல்லாமல் சாப்பிடலாம். அதையே மூன்று வேளையும் என்றால் புரதக் கணக்கு மறுபடி இடிக்கும்.

"மலைக்குளிருக்கு ஒரு கட்டிங் தப்பில்லை"

கொடைக்கானல் ஏழாயிரம் அடி. டிசம்பர் இரவில் பல் கிட்டிக்கும், ஒப்புக்கொள்கிறேன். பிராந்தி உள்ளே போனதும் தோலுக்குக் கீழே ரத்தக் குழாய்கள் விரிகின்றன. சூடு ஏறியதாகத் தோன்றுவது, உள்ளே இருக்கும் சூடு வெளியே ஓடுவதால்தான். கணைய அழற்சி ஒருமுறை வந்தவருக்குக் கட்டிங் என்ன, பீர் என்ன, ஒயின் என்ன, பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. பீடியும் சிகரெட்டும் மதுவின் துணை இல்லாமலே கணையத்தைக் கெடுக்கும் என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. அந்தத் தூக்குவாளி மனிதரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வண்டி வந்துவிட்டது.

"வாயுதான், சோடா குடித்தால் சரியாகும்"

மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் பாயும் வலி, நிற்காத வாந்தி, குனிந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் தணிவது. இது வாயு அல்ல. மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் வரவே மணிக்கணக்காகும், அங்கிருந்து மதுரைக்கு மலையிறங்கிப் போக இன்னொரு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஓம வாட்டரும் பெருங்காயமும் கொடுத்து விடியும்வரை பார்ப்பதற்கு அந்தத் தூரம் இடம் கொடுக்காது. லைபேஸ், அமைலேஸ் என்ற ரத்தப் பரிசோதனையில் விஷயம் தெரிந்துவிடும். காரணம் பித்தப்பைக் கல் என்றால் அதைக் கரைக்கும் சாறு எதுவும் கிடையாது, வாழைத்தண்டு உட்பட. பித்தப்பையை எடுக்கும் வரை அடுத்த தாக்குதல் காத்துக்கொண்டிருக்கும்.

108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வருவதற்குள் பழைய ஸ்கேனையும் மாத்திரைச் சீட்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு வாசலில் வையுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பார். ஒரு வாளியும் துண்டும் கூட எடுத்துக்கொள்ளுங்கள்.