ஒரே நாள், பல ஆண்டுகள்

நாள்காட்டியின் ஒவ்வொரு தாளும் ஒரு நாளைக் குறிக்கிறது. அந்நாள் ஆண்டுதோறும் திரும்பி வருவதால், பல ஆண்டுகளின் நிகழ்வுகள் ஒரே தாளில் வந்து சேர்கின்றன. ஆகஸ்டு 15 என்றவுடன் விடுதலை நாளே நினைவுக்கு வரும். கொல்கத்தா நகரின் வரலாற்றில் அந்நாள் வேறு காரணங்களாலும் சிறப்புடையது.

1854ஆம் ஆண்டு அந்நாளில், ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்குப் பயணியர் தொடர்வண்டி முதன்முதலாக ஓடியது. அதன் தொலைவு 24 மைல். பின்னர் இருப்புப்பாதைகள் நாடெங்கும் விரிந்தன. இன்று தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் கார்டன் ரீச்சில் உள்ளது. ஹவுராவிலிருந்து சென்னை செல்வோரின் பயணம் அந்த ரயில்வேயின் தடத்தில்தான் தொடங்குகிறது.

1872ஆம் ஆண்டு அதே நாளில் கொல்கத்தாவில் பிறந்தவர் அரவிந்தர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற அவர், 1910இல் புதுச்சேரிக்குச் சென்றார். அங்கே பாரதியாரின் நட்பைப் பெற்றார். 1950இல் மறையும்வரை புதுச்சேரியிலேயே வாழ்ந்தார்.

வங்கத்தில் பிறந்தவர் தெற்கே சென்றதுபோல, தெற்கே பிறந்த ஒருவர் வங்கத்திற்கு வந்தார். 1947 ஆகஸ்டு 15 அன்று மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநராகப் பொறுப்பேற்றவர் தமிழரான இராஜாஜி.

அன்று தில்லி விழாக்கோலம் பூண்டிருந்தது. காந்தியடிகளோ கொல்கத்தாவின் பெலியாகட்டா பகுதியில் தங்கியிருந்தார். முந்தைய ஆண்டு இந்நகரில் இந்துக்களும் முஸ்லிம்களும் மோதிக்கொண்டதில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மீண்டும் குருதி சிந்தக் கூடாது என்பதே அவர் கவலை. விடுதலை நாளை அவர் நோன்பிலும் நூற்பிலும் வழிபாட்டிலும் கழித்தார். அன்று இரு சமயத்தாரும் தெருக்களில் ஒருவரையொருவர் தழுவி மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அம்மாத இறுதியில் கலவரம் மீண்டும் மூண்டது. செப்டம்பர் 1 அன்று காந்தியடிகள் உண்ணாநோன்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 77. நோன்பைக் கைவிடுமாறு இராஜாஜி வேண்டியும் அவர் இணங்கவில்லை. நகரில் அமைதி திரும்பி, பல தரப்புத் தலைவர்களும் எழுத்து வடிவில் உறுதியளித்த பின்னரே, செப்டம்பர் 4 அன்று நோன்பை முடித்தார். கொடியேற்ற ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அண்டை வீட்டாரின் அச்சத்தைப் போக்க அதன்பின்னும் உழைக்க வேண்டியிருந்தது.

1972 ஆகஸ்டு 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்கங்கள் கொண்ட இவ்வெண் தமிழ்நாட்டிற்கு 6 என்றும் மேற்கு வங்கத்திற்கு 7 என்றும் தொடங்கும். கார்டன் ரீச்சிலிருந்து தமிழ்நாட்டிலுள்ள தாத்தாவுக்குச் செல்லும் கடிதம், 7இலிருந்து 6க்குப் பயணம் செய்கிறது.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: அந்நாள், உண்ணாநோன்பு, இவ்வெண்.
2. விடுதலை நாளன்று காந்தியடிகள் கொல்கத்தாவில் தங்கியதன் காரணம் யாது?
3. வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, உங்கள் குடும்பத்தில் ஒரே நாளில் வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்ந்த இரண்டு நிகழ்வுகளை ஐந்து தொடர்களில் எழுதுக.