சாயத் தொட்டியில் ஒரு வேதியியல் பாடம்

(பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கும் அவர்களின் பெற்றோருக்கும்)



கல்யாண விருந்தில் வெள்ளைச் சட்டையில் தால்ச்சா சிந்திவிடுகிறது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டதும் அந்த மஞ்சள் கறை சிவப்பாகிறது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிறது. திரும்பச் சோப்புப் போட்டால் திரும்பச் சிவப்பு. இப்படி முன்னும் போய்ப் பின்னும் வரக்கூடிய வினைக்கு 'மீள் வினை' என்று பெயர். பலரும் பயந்து ஒதுக்கிவிடும் 'வேதிச் சமநிலை' பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

சமநிலை என்றால் என்ன?

மூடிய சோடா பாட்டிலைப் பாருங்கள். உள்ளே எதுவும் நடக்காதது போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு நொடியும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைகிறது; அதே அளவு நீரிலிருந்து வெளியே வருகிறது. இரண்டின் வேகமும் சமமாக இருப்பதால் மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதுவே 'இயங்குச் சமநிலை'. வினை நின்றுவிட்டது என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

மூடியைத் திறந்தால் அழுத்தம் குறைகிறது. வாயு பொங்கி வெளியேறுகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லீ சாட்லியர் 1884-ல் சொன்ன விதி இதுதான்: சமநிலையில் உள்ள ஒன்றின் செறிவையோ அழுத்தத்தையோ வெப்பநிலையையோ மாற்றினால், அந்த மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் திசையில் வினை நகரும்.

நம் ஊர்ச் சாயத் தொட்டி

பட்டு ஒரு புரதம். நீரில் சிறிது அசிட்டிக் அமிலம் சேர்த்தால், அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் பட்டின் அமினோ தொகுதிகளில் ஒட்டிக்கொள்கின்றன. பட்டு நேர்மின்சுமை பெறுகிறது. பட்டுக்குப் போடும் அமிலச் சாயங்கள் எதிர்மின்சுமை உடையவை. எனவே இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன.

நீரில் உள்ள சாயம் ⇌ பட்டில் ஏறிய சாயம்

அமிலம் கூடினால் சமநிலை வலப்பக்கம் நகரும். தொட்டி நீர் வெளுத்து, நூல் நிறம் பிடிக்கும். அமிலத்தை ஒரேயடியாக ஊற்றினால் சாயம் விழுந்தடித்து ஏறித் திட்டுத் திட்டாகிவிடும். அனுபவசாலிகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது இதனால்தான்.

இதையே திருப்பிப் பாருங்கள். பட்டுச் சேலையைச் சோடா கலந்த சலவைத் தூளில் ஊறவைத்தால், காரம் அந்த ஹைட்ரஜன் அயனிகளைப் பிடுங்கிக்கொள்கிறது. சமநிலை இடப்பக்கம் திரும்பிச் சாயம் தண்ணீரில் இறங்குகிறது. சாயம் போகும் சேலைக்கெல்லாம் சாயம் போட்டவர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பட்டுக்குக் காரம் இல்லாத மென்மையான சோப்புத் திரவமும் குளிர்ந்த நீருமே ஏற்றவை.

அடுப்பு எதற்கு?

சாயம் பட்டில் ஏறுவது வெப்பத்தை வெளியிடும் மாற்றம். விதிப்படி பார்த்தால் தொட்டி குளிர்ந்திருந்தால்தான் கடைசியில் அதிகச் சாயம் ஏறும். பின் ஏன் சூடாக்குகிறார்கள்? குளிர்ந்த நீரில் சாயம் நூலுக்குள் மிக மெதுவாகவே நுழையும். சூட்டில் விரைவாகவும் சீராகவும் நுழையும்.

இந்தப் பாடத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு கிடைக்கும் என்பது வேறு. எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்பது வேறு. முன்னதைச் சமநிலை சொல்கிறது. பின்னதை வினைவேகம் சொல்கிறது.

ஆரணியைச் சுற்றியுள்ள நெல் வயல்களுக்குப் போடும் யூரியாவின் பின்னாலும் இதே கணக்குத்தான். யூரியாவுக்கு வேண்டிய அம்மோனியாவை ஹேபர் முறையில் தயாரிக்கிறார்கள். சென்னை மணலியில் உள்ள மெட்ராஸ் உரத் தொழிற்சாலையும் இப்படி அம்மோனியாவும் யூரியாவும் தயாரிக்கும் ஆலைதான்.

நைட்ரஜன் + 3 ஹைட்ரஜன் ⇌ 2 அம்மோனியா + வெப்பம்

இடப்பக்கம் 4 மோல் வாயு. வலப்பக்கம் 2 மோல். எனவே அழுத்தம் கூடினால் அம்மோனியா கூடும். வெப்பம் குறைந்தாலும் கூடும். ஆனால் வினை ஆமை வேகத்தில் நடக்கும். அதனால் சுமார் 450 டிகிரி செல்சியஸ், 200 வளிமண்டல அழுத்தம், இரும்பு வினைவேக மாற்றி என்று பாடநூல்கள் ஒரு நடுவழியைச் சொல்கின்றன.

தேர்வில் தவறும் மூன்று இடங்கள்

1. வினைவேக மாற்றி சமநிலையை நகர்த்தாது. முன்னோக்கு வினையையும் பின்னோக்கு வினையையும் ஒரே அளவில் விரைவுபடுத்தும், அவ்வளவுதான்.

2. இரு பக்கமும் வாயு மோல்கள் சமமாக இருந்தால் அழுத்தத்தால் சமநிலை நகராது. ஹைட்ரஜனும் அயோடினும் சேர்ந்து ஹைட்ரஜன் அயோடைடு வாயு தருவது இதற்கு எடுத்துக்காட்டு.

3. செறிவை மாற்றினால் சமநிலை நகரும். சமநிலை மாறிலி மாறாது. ஒரு வினையின் மாறிலியை மாற்றுவது வெப்பநிலை மட்டுமே.

பெற்றோர்கள் கவனத்திற்கு

வீடு கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் சேர்த்து ஊற்றுவோர் உண்டு. இரண்டும் சேர்ந்தால் இன்னும் சுத்தமாகும் என்பது அவர்கள் நினைப்பு. அங்கே நடப்பதைப் பாருங்கள்:

குளோரின் + நீர் ⇌ ஹைப்போகுளோரஸ் அமிலம் + ஹைட்ரோகுளோரிக் அமிலம்

பிளீச்சிங் பவுடர் கரைசலில் காரம் இருப்பதால் குளோரின் வாயுவாக வெளியேறாமல் அடங்கி இருக்கிறது. ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது சேர்ந்ததும் வினை இடப்பக்கம் பாய்ந்து, நச்சு வாயுவான குளோரின் கிளம்புகிறது. கதவு மூடிய சிறிய குளியலறையில் இது நுரையீரலைப் புண்ணாக்கும், உயிருக்கும் ஆபத்து.

இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். ஒன்றை ஊற்றிய இடத்தில் உடனே மற்றொன்றை ஊற்றாதீர்கள். தவறிக் கலந்து காரமான நெடி வந்தால், சுத்தம் செய்ய நிற்காமல் உடனே வெளியே காற்றோட்டத்துக்கு வாருங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

மாணவர்களே, கடைசியாக உங்களுக்கு ஒரு கேள்வி. சிவந்த மஞ்சள் கறையின் மேல் எலுமிச்சைச் சாற்றுக்குப் பதில் வினிகரை விட்டால் என்ன நிறம் வரும்? ஏன்? விடையை அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒரு பழைய துணியில் செய்து பாருங்கள். அப்படியே, அந்த இரண்டு பாட்டில்களையும் கலக்கக் கூடாது என்பதையும் அவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள்.