கடற்கரைத் திருநாளும் இன்சுலின் போடும் பிள்ளையும்

ஆகஸ்ட் வந்தால் நமது தோட்டங்களிலிருந்து வான் பிடித்துப் புத்தளம் பக்கம் போவது வழக்கம். முன்னேஸ்வரத்துக்குச் சிலர், கற்பிட்டிக்கு அருகே தலவில அன்னம்மாள் திருநாளுக்குச் சிலர். வீட்டில் இன்சுலின் ஊசி போடும் பிள்ளை இருந்தால் பெற்றோருக்கு இரண்டு கவலை. ஒன்று வெயில். மற்றது, பிள்ளை சொல்வதை நம்பலாமா என்பது.

வெயிலைச் சமாளிக்கலாம். பெரிய மண்சட்டியில் ஈரமணல் போட்டு, நடுவில் சின்னச் சட்டியை இறக்கி, இன்சுலின் போத்தலைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே வைத்து, ஈரச்சீலையால் மூடிக் காற்றுப்படும் நிழலில் வையுங்கள். ஐஸ்கட்டியோடு ஒட்டி வைக்க வேண்டாம். உறைந்த இன்சுலினை நம்பிப் போட முடியாது.

இரண்டாவது கவலைதான் பெரிது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பல பிள்ளைகள் ஊசியை விட்டுவிட்டு, "போட்டாச்சும்மா" என்பார்கள். கொப்பியில் நல்ல எண்ணாகவே எழுதி வைப்பார்கள். நாம் அடிக்கக் கை ஓங்குகிறோம். ஆனால் 250 என்று உண்மையைச் சொன்ன அன்று பிள்ளைக்கு என்ன கிடைத்தது? "என்னத்தத் தின்ன?" என்ற ஏச்சு. அடுத்த முறை 120 என்றுதான் எழுதும். அது பள்ளிக்கூடப் புள்ளி அல்ல, அடுத்து என்ன செய்வது என்று பார்க்கும் கணக்கு. "சொன்னது நல்லது, இப்ப என்ன செய்வோம்?" என்று கேட்டுப் பாருங்கள். தானே போடத் தெரிந்த பிள்ளைதானே என்று முழுப் பாரத்தையும் அதன் தலையில் ஏற்றாமல், ஊசி நேரத்தில் ஒருவர் பக்கத்தில் இருங்கள். விடியவே கொழுந்து மலைக்குப் போகும் தாய்க்கு இது லேசில்லை. அப்பாவும் பாட்டியும் முறை வைக்கலாம்.

இது சீனி தின்று வந்த நோயல்ல. இன்சுலின் சுரக்கும் அணுக்களை உடம்பே அழித்துவிடுவதால் வருவது. 1922இல் கனடாவில் 14 வயதுப் பையனுக்கு முதன்முதல் இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முன் இப்படியான பிள்ளைகள் அதிக காலம் பிழைத்ததில்லை. ஆகவே நேர்த்திக்காகவோ பாகற்காய்ச் சாற்றை நம்பியோ ஊசியை நிறுத்தவே கூடாது. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு என்றால் சிலாபம், புத்தளம் என எது கிட்டவோ அந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடலில் துள்ளி விளையாடினால் சீனி இறங்கும். நடுக்கமும் வியர்வையும் கண்டால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் திரும்பவும் கொடுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். சீனிப் பொட்டலம் வானில் கிடக்கும் பையில் அல்ல, கரையில் நிற்பவரின் மடியில் இருக்க வேண்டும்.