வேலி தாண்டும் நாய்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கச்சிராயபாளையத்தில் வளர்ப்பு நாய் வேலி தாண்டினால் ரோட்டுக்கோ, கரும்புக் கொல்லைக்கோ, கல்வராயன் மலையடிவாரக் காட்டுக்கோதான் போகும். மூன்றிலும் ஆபத்து உண்டு. சர்க்கரை ஆலையின் அரவைப் பருவத்தில் கரும்பு டிராக்டர்கள் இரவிலும் ஓடுகின்றன. காட்டுப்பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி வயலோரம் இருந்தால், அதில் பட்ட நாய் பிழைக்காது. காட்டுக்குள் நுழைந்தால் முயலையும் மானையும் விரட்டும். நாய் ஓடாமலிருக்க ஊரில் சொல்லப்படும் யோசனைகள் பல. அவற்றில் சில, ஓடும் பழக்கத்தை இன்னும் வளர்த்துவிடுகின்றன.

நம்பிக்கை: எந்நேரமும் சங்கிலியில் கட்டிவைத்தால் ஓடாது, காவலும் கடுமையாக இருக்கும்.

உண்மை: கட்டிக்கிடக்கும் நாய்க்கு ஓடும் ஆசை அடங்குவதில்லை, நாளுக்கு நாள் கூடுகிறது. கொக்கி கழன்றதும் அது நிற்காமல் பாய்வது அதனால்தான். விலகிப் போக வழியில்லாத நாய் பயத்திலும் எரிச்சலிலும் கடிக்கும். வீட்டுக் குழந்தைகூடத் தப்பாது. அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டிவைப்பதும், கட்டியே வளர்க்கும் நாயை நடக்கவிடாமல் வைப்பதும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். காலையிலும் மாலையிலும் கயிற்றில் பிடித்து நன்றாக நடத்திக் கூட்டிப்போங்கள். களைத்த நாய் வாசலிலேயே படுக்கும்.

நம்பிக்கை: சுவர் உயரமாக இருந்தால் போதும்.

உண்மை: சுவரோரம் அடுக்கிய விறகும், துவைக்கும் கல்லும், தண்ணீர்த் தொட்டியும் நாய்க்குப் படிக்கட்டு. சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை முயல் விரட்டப் பழக்கிய இனங்கள். அவற்றுக்கு ஆறடியாவது வேண்டும். சுவரை ஒட்டி எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. முள்வேலியும் படலும் போட்ட வீடுகளில் நாய் அடியில் பறித்துக்கொண்டு வெளியேறும். அங்கே கம்பிவலையின் அடிப்பகுதியை உட்புறமாக ஒன்றரை அடி மடக்கி, மண்ணில் புதைத்து, மேலே கல் பரப்புங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை கேட்தான். பால் ஊற்ற வருபவருக்குத் திறக்கும் அந்த ஒரு நொடி நாய்க்குப் போதும். உள்ளே இன்னொரு சிறிய தடுப்புக் கதவு வைத்தால் அந்த வழியும் அடைபடும்.

நம்பிக்கை: வாசலில் சொட்டு நீலம் கலந்த தண்ணீர் பாட்டிலை வைத்தால் நாய் தாண்டாது.

உண்மை: நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பையும் பச்சையையும்தான் பிரித்தறிய முடியாது. நன்றாகத் தெரியும் ஒரு நிறத்தைக் கண்டு அது அஞ்சக் காரணமில்லை. புதுப் பொருள் என்று முதல் நாள் தயங்கலாம். பிறகு பாட்டிலை மோந்து பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விடும்.

நம்பிக்கை: ஓடிவிட்டுத் திரும்பியதும் நாலு அடி போட்டால் புத்தி வரும்.

உண்மை: காலையில் ஓடியதற்காக மாலையில் விழும் அடியை நாயால் இணைத்துப் பார்க்க முடியாது. வீட்டுக்கு வந்தால் அடி விழும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். அடுத்த முறை கூப்பிட்டால் தள்ளியே நிற்கும். எவ்வளவு கோபம் இருந்தாலும், திரும்பி வந்த நாயைத் தட்டிக்கொடுத்து உள்ளே அழையுங்கள்.

நம்பிக்கை: கருத்தடை செய்தால் நாய் சோம்பேறியாகிவிடும், காவல் காக்காது.

உண்மை: பருவத்துக்கு வந்த பெண் நாயின் வாசனை வெகுதூரம் எட்டும். அதைத் தேடியே ஆண் நாய் வேலியைத் தாண்டுகிறது. கருத்தடை இந்த அலைச்சலைப் பெரிதும் குறைக்கும். அன்னியரைக் கண்டு குரைக்கும் குணம் அதனால் போவதில்லை. தீனி அளவாகவும் நடை தவறாமலும் இருந்தால் உடம்பும் பெருக்காது.

நம்பிக்கை: நாட்டு நாய் எங்கே போனாலும் வீடு தேடி வந்துவிடும்.

உண்மை: மிரண்டு ஓடும் நாய் வழியைக் கவனிப்பதில்லை. நமக்குக் கேட்காத மெல்லிய ஒலிகளும் நாய்க்குக் கேட்கும். தீபாவளி வெடிச்சத்தம் அதற்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த நாட்களில் பகலிலேயே நடத்திவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்குள் விடுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் எப்போதும் இருக்கட்டும். திரும்பி வரும் நாயும் கடிபட்டு வரக்கூடும். மனிதருக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் ஏறக்குறைய அனைத்தும் நாயிடமிருந்தே வருகிறது; அறிகுறி தோன்றிய பிறகு உயிரைக் காப்பது அநேகமாக முடியாது. ஆகவே மூன்று மாதக் குட்டிக்கு முதல் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று என்று தவறாமல் போடுங்கள்.

வளர்க்கும் மிருகத்தால் பிறருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பொறுப்பு முழுக்க வளர்ப்பவருடையது. இன்றைக்கே வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, சுவரோரத்தையும் வேலியடியையும் கேட் தாழ்ப்பாளையும் பாருங்கள். கண்ணில் படும் ஓட்டையை நாளைக்கென்று விடாமல் அடைத்துவிடுங்கள்.