ஒற்றுமை எங்கிருந்து தொடங்குகிறது?



நலன்புரி நிலையம் ஒன்றில் கூட்டம் நடப்பதாக எண்ணிக்கொள்வோம். காணி விடுவிப்புப் பற்றிய பேச்சு. உறுதி உள்ளவர்கள் முன்னால் இருக்கிறார்கள். பின்னாலிருந்து ஒருவர் எழும்பிக் கேட்கிறார்: "எங்களுக்கு அங்க சொந்தக் காணி இல்லை. உங்கட தோட்டத்திலதான் கூலிக்கு நிண்டனாங்கள். நாங்கள் எங்க போறது?" உடனே ஒரு குரல்: "இப்ப உந்தக் கதையை எடுக்காதேங்கோ. முதல்ல எல்லாரும் ஒற்றுமையா நிப்பம்."

இரண்டாவது குரல் நியாயமானதுபோலத் தோன்றும். அது உண்மையான ஒற்றுமையைத் தருமா? எமது குடாநாட்டின் சோசலிச இயக்கம் இதே கேள்வியைச் சந்தித்தது. அதன் அனுபவத்தையே இப்பாடத்தில் ஆராய்கிறோம்.

1. பின்னணி

உழைப்பவருக்கே உழைப்பின் பலன், மனிதருள் மேல் கீழ் இல்லை என்பது சோசலிசத்தின் அடிப்படை. இக்கருத்துக்குக் குடாநாட்டில் நிலம் பண்படுத்தியவர்களுள் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் முக்கியமானது. பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அது, சாதி வேறுபாட்டை எதிர்த்துச் சமபந்தி போசனம் நடத்தியது. 1935இல் லங்கா சமசமாசக் கட்சியும், 1943இல் கம்யூனிஸ்ட் கட்சியும் தோன்றின. 1953 ஆகஸ்ட் 12இல், அரிசி விலை உயர்வை எதிர்த்து இடதுசாரிகள் நாடளாவிய ஹர்த்தாலை நடத்தினர். 1956இல் பருத்தித்துறைத் தொகுதி மக்கள் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர்.

ஆனால் அரிசிக்காக ஒன்றுசேர்ந்தவர்கள் ஒரே பேணியில் தேநீர் குடிக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் தேநீர்க் கடைக்கு வெளியே நின்று குடிக்க வேண்டியிருந்தது. கிணற்றில் தாமே அள்ள முடியாது. மற்றவர் அள்ளி ஊற்றும்வரை குடத்துடன் காத்திருக்க வேண்டும். கோவில் வாசலைத் தாண்ட முடியாது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இவற்றைக் குற்றமாக்கியது. எனினும் அது பெரும்பாலும் கடதாசியிலேயே இருந்தது.

இதற்கிடையில் 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி மொஸ்கோ சார்பு, பீக்கிங் சார்பு என இரண்டாகப் பிளந்தது. ஒற்றுமைக்கு வாய்ப்பே இல்லாத காலமாக அது தோன்றியது.

2. ஒரு கோரிக்கை ஒன்றுசேர்த்தது

1966 ஒக்டோபர் 21ஆம் திகதி, நா. சண்முகதாசன் தலைமையிலான பீக்கிங் சார்புக் கட்சியினர் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டனர். சுன்னாகத்தில் பொலிசார் தாக்கினர். ஊர்வலம் கலையவில்லை. யாழ்ப்பாணம் சென்று முற்றவெளியில் கூட்டம் நடத்தியது. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைக்கப்பட்டது. எஸ்.ரி.என். நாகரத்தினம் தலைவரானார். எழுத்தாளர் கே. டானியல் அதன் முன்னணி அமைப்பாளர்களுள் ஒருவர்.

இவ்வியக்கம் எவ்வாறு மக்களைச் சேர்த்தது என்பதைக் கவனியுங்கள்.

முதலாவது, கோரிக்கை எவருக்கும் விளங்கக்கூடியது: எல்லோருக்கும் ஒரே கடை, ஒரே பேணி, ஒரே கிணறு, ஒரே வாசல்.

இரண்டாவது, ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயும் மேல் கீழ் என்ற எண்ணம் இருந்தது. பல சாதியினரும் ஒரே அணியில் நின்றபோது அந்த எண்ணமும் தளர்ந்தது.

மூன்றாவது, உயர்சாதியெனப்பட்ட குடும்பங்களில் பிறந்த முற்போக்காளர்களும் சேர்ந்தனர். அவர்கள், "உங்கள் பிரச்சினை பிறகு" என்று சொல்ல வரவில்லை. மற்றவரின் கோரிக்கையைத் தமது கோரிக்கையாக ஏற்றே வந்தனர்.

சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம், நெல்லியடி ஆகிய இடங்களில் போராட்டங்கள் நடந்தன. சிலர் உயிரையும் கொடுத்தனர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் திருவிழாவின்போது ஆலயப் பிரவேசம் கோரி மக்கள் வாசலில் அமர்ந்தனர். முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் அதனை எதிர்த்து நின்றார். அவர்மீதான வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. காலப்போக்கில் பல கடைகளும் கோவில்களும் திறக்கப்பட்டன.

3. ஒற்றுமை உடைந்த இடம்

அதே 1966ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பில் வேறொரு காட்சி. தமிழ் மொழிப் பாவனைக்கான ஒழுங்குவிதிகளை எதிர்த்து ஜனவரி 8ஆம் திகதி ஊர்வலம் நடந்தது. அதில் சமசமாசக் கட்சியும் மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்குபற்றின. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்களும் இவர்களே! 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பை ஆக்குவதில் முன்னின்றவர், சமசமாசத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. அந்த யாப்பு சிங்களத்தை அரச கரும மொழியாக நிலைநிறுத்தியது. பௌத்தத்துக்கு முதன்மை இடமளித்தது. தமிழரின் குறை பின்னுக்குத் தள்ளப்பட்டது. தமிழ் இளைஞர் பலர் இடதுசாரிகளை விட்டு விலகியதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாழ நிற்பவரின் குறையை முன்னே வைத்த இடத்தில் ஒற்றுமை வளர்ந்தது. அதைப் பின்னே தள்ளிய இடத்தில் ஒற்றுமை உடைந்தது. கொழும்புத் தலைவர்கள் தமிழரைப் பொறுத்திருக்கச் சொன்னதும், எமது ஊர்ப் பெரியவர்கள் ஒடுக்கப்பட்டவரைப் பொறுத்திருக்கச் சொன்னதும் ஒரே தவறுதான். முதலாவதைத் தவறென்று சொல்லும் நாம் இரண்டாவதைச் சரியென்று சொல்ல முடியுமா?

4. எமக்கான பாடம்

1990 ஜூனில் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். மாவிட்டபுரமும் அதில் அடங்கும். 1968இல் வாசலுக்கு உள்ளே நின்றவர்களும் வெளியே நின்றவர்களும் அந்த ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். வசதியுள்ளவர்கள் வாடகை வீட்டுக்கோ வெளிநாட்டுக்கோ போக முடிந்தது. நலன்புரி நிலையங்களில் நெடுங்காலம் தங்க நேர்ந்தவர்களுள் காணியற்ற கூலிக் குடும்பங்களும் ஒடுக்கப்பட்ட சாதியினருமே அதிகம்.

ஆகவே எமது சங்கங்களில் சில நடைமுறைகளைக் கைக்கொள்வோம்.

- காணி பற்றிய மனுவில் உறுதி உள்ளவரின் காணியோடு, காணியற்றவரின் குடியிருப்பு நிலத்தையும் சேர்த்துக் கேட்போம். இரண்டும் ஒரே மனுவாக இருக்கட்டும்.
- நிர்வாகக் குழுவில் காணியற்றவரும் பெண்களும் பதவியோடு இருக்கட்டும். பாய் விரிக்கவும் தேநீர் ஊற்றவும் மட்டும் அவர்களை அழைப்பது பங்காகாது.
- கூட்டத்தில் வழமையாகப் பேசாதவர் முதலில் பேசட்டும்.
- கணக்கை எல்லோர் முன்னும் உரத்து வாசிப்போம்.
- மீளக் குடியேறும் இடத்தில் பொதுக் கிணறு வெட்டினால், எல்லோரும் அள்ளலாம் என்பதை வெட்டுமுன்பே சங்கத் தீர்மானமாக எழுதிவைப்போம்.

பங்குக் கிணற்றில் இறைத்த கமக்காரருக்கு இது புதிதல்ல. முறை தப்பினால் சண்டை வரும். முறை வைத்தால் கடைசித் தோட்டத்துக்கும் தண்ணீர் போகும். கடைசித் தோட்டத்துப் பயிர் வாடினால் அந்த முறையில் எங்கோ பிழை இருக்கிறது.

கலந்துரையாடுவோம்

1. எமது சங்கத்தில் இதுவரை ஒரு தடவையேனும் பேசாதவர் யார்? ஏன் பேசவில்லை?
2. "இப்போது வேண்டாம்" என்று நாம் ஒத்திவைத்த குறை எது? அதை என்றைக்கு எடுப்போம்?
3. கூட்டத்தின் பின்னாலிருந்து கேட்டவருக்கு எமது சங்கம் என்ன பதில் சொல்லும்? அதைத் தீர்மானமாக எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள்.