நாளை என்னும் தொலைவு

நுழையும்முன்

சில வழிகளின் நீளத்தைக் காலடிகளால் அளந்துவிட முடியாது. கடலூர் மாவட்டம் சிதம்பரத்தில், ஓமக்குளத்திலிருந்து நடராசர் கோயிலின் தெற்குக் கோபுரம் வரையிலான வழி அத்தகையது. அரை மணிக்குள் நடந்துவிடக்கூடிய அவ்வழியைத் தமிழ்ச் சமூகம் கடக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின.

ஆதனூரிலிருந்து தில்லைக்கு

சீர்காழியிலிருந்து சிதம்பரம் செல்வோர் கொள்ளிடத்தைக் கடந்தாக வேண்டும். பாலத்தின் வடகரையில் வல்லம்படுகை. அதற்கப்பால் வயல்வெளிகளின் ஊடே சாலை சிதம்பரத்தை அடைகிறது. இக்கொள்ளிடக் கரையைச் சார்ந்த ஆதனூரில் பிறந்தவர் நந்தனார் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம்.

கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளிப்பதைத் தம் தொண்டாகக் கொண்டவர் அவர். அவர் தந்த தோல் கோயிலுக்குள்ளே முழங்கியது. அவர் தந்த நரம்பு உள்ளே இசைத்தது. அவரோ பிறப்பின் காரணமாக வாயிலுக்கு வெளியே நின்றார். தில்லைக்குச் செல்லும் ஆவல் எழும்போதெல்லாம் இத்தடையை எண்ணித் தயங்கினார். ஆவல் மீண்டும் மேலிட, ‘நாளைப் போவேன்’ என்றார். அதனால் ‘திருநாளைப்போவார்’ என்றே பெயர் பெற்றார்.

ஒருநாள் புறப்பட்டேவிட்டார். தில்லை எல்லையை அடைந்தவர், வேள்விப்புகை எழுவதைக் கண்டு அங்கேயே நின்றார். இரவும் பகலும் ஊரைப் புறத்தே வலம்வந்தார். பின்னர் இறைவன் கனவில் ஆணையிட்டவாறு, தெற்கு மதிற்புறத்து வாயில்முன் வளர்த்த தீயில் புகுந்து முனிவர் வடிவில் வெளிப்பட்டார். அம்பலத்துள் சென்றவர் மறைந்தார் எனச் சேக்கிழார் பாடுகிறார். அறுபத்துமூவருள் ஒருவராக அவரைப் போற்றிய சமூகம், பிறந்த வடிவிலேயே அவரை உள்ளே அழைக்கவில்லை. இம்முரண் இவ்வழியில் நடப்போரைச் சிந்திக்க வைக்கிறது.

குளக்கரையில் ஒரு பள்ளி

நந்தனார் தீப்புகுந்த இடமாக ஓமக்குளத்தை மக்கள் போற்றுகின்றனர். இங்குதான் சுவாமி சகஜானந்தர் (1890 - 1959), ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக 1916ஆம் ஆண்டு நந்தனார் பெயரில் பள்ளியைத் தொடங்கினார். தீயின் நினைவைச் சுமந்த இடத்தில் எழுத்தின் ஒளியை ஏற்றினார். வாயில் திறக்கும்வரை காத்திருந்தவரின் பெயரால், எவரும் நுழையக்கூடிய ஒரு வாயிலைத் திறந்தார்.

தெற்கு வாயில்

ஓமக்குளத்திலிருந்து வடக்கே நடந்தால் கடைகளும் இல்லங்களும் நெருங்கிய தெருக்களைக் கடந்து, தேரோடும் தெற்கு வீதியை அடையலாம். அங்கிருந்து ஏழுநிலைக் கோபுரம் கண்ணில் நிறைகிறது. சிற்றம்பலத்தில் ஆடும் கூத்தர் தெற்கு நோக்கியே நிற்கிறார். தெற்கிலிருந்து வருபவர் அவர் திருமுகத்தை நோக்கி நடக்கிறார்.

1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம், பிறப்பைக் காட்டி வழிபாட்டைத் தடுக்கும் வழக்கத்தைக் குற்றமாக்கியது. இன்று இவ்வாயிலில் யாரும் எவர் என்று கேட்கப்படுவதில்லை என்னும் நிலை, தானாக வந்ததன்று. ‘நாளை’ என்று ஏங்கியவரின் உறுதியும், ‘இன்றே’ என்று உழைத்தவர்களின் போராட்டமும் சேர்ந்து அமைத்த வழி இது. கோபுர வாயிலைக் கடக்கும் ஒவ்வொருவரும் அதனை நினைவுகொள்ளுதல் கடன்.

தெரிந்து தெளிவோம்

நந்தனாரை வயல்வேலைக்குப் பணித்துத் தில்லை செல்லவிடாது தடுக்கும் வேதியர், பெரியபுராணத்தில் இடம்பெறவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில்தான் அப்பாத்திரம் வருகிறது.

கற்பவை கற்றபின்

1. ‘கோயிலுக்குள் ஒலித்த தோல், வெளியே நின்ற தொண்டர்’ - இம்முரண் குறித்து வகுப்பில் உரையாடுக.

2. உங்கள் ஊரில் முன்பு சிலருக்கு மறுக்கப்பட்டு, இன்று அனைவருக்கும் உரியதாகிய பொதுவிடம் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து கட்டுரை எழுதுக.